நூறு நாள் நாவலும் இரண்டு வருட அலைச்சலும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. 1902இல் கலிஃபோர்னியாவின் சலீனாஸ் ஊரில் பிறந்தார், 1962இல் நோபல் பரிசு பெற்றார், 1968இல் நியூயார்க்கில் காலமானார், தன் பெரிய நாவலை நூறு நாளில் எழுதி முடித்தார். இவ்வளவுதான் அதில் இருந்தது. கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அதோடு விடவில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

'நூறு நாளில் நாவல்' என்று போட்டிருந்தீர்கள். நம்பும்படியாக இல்லையே? கணக்கைக் காட்டுங்கள்.
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

கணக்கு சரிதான். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை 1938 மே மாதக் கடைசியில் தொடங்கி அக்டோபர் 26ஆம் தேதி முடித்தார். கிட்டத்தட்ட ஐந்து மாதம். சனி, ஞாயிறு எழுதுவதில்லை என்று வைத்திருந்தார். அதைக் கழித்து, எழுத முடியாமல் போன சில நாட்களையும் கழித்தால் நூறு நாள்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு 2,000 சொல் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. நாவலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் சொல்தான்.

வேலை நடந்த விதம் இப்படி. உட்கார்ந்ததும் முதலில் ஒரு நாட்குறிப்பில் நாலு வரி எழுதுவார்: இன்று எந்த இடம், நேற்று எங்கே சறுக்கியது, உடம்பு எப்படி. கை பழகியதும் நாவலுக்குப் போவார். எறும்பு ஊர்வது போன்ற பொடி எழுத்தில் பெரிய தாள்களில் எழுதினார். மொத்தக் கையெழுத்துப் பிரதி 165 தாள்தான். அதை உடனுக்குடன் தட்டச்சு செய்தவர் அவருடைய மனைவி கரோல். தட்டச்சில் அது 751 பக்கம் ஆனது. நாவலுக்குப் பெயர் வைத்தவரும் கரோல்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாட்டு ஒன்றில் வரும் சொற்கள் அவை. கரோலின் உழைப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பேச வேண்டும்.

இடைஞ்சல்களும் இருந்தன. பக்கத்து வீட்டுச் சத்தம், ஓயாத விருந்தாளிகள், வீடு மாற்றும் ஏற்பாடு. போதாக்குறைக்கு அந்தக் கோடையிலேயே அவருடைய பதிப்பகம் திவாலானது. ஆகஸ்டில் ஒருநாள் 'நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஏமாற்றி ஊரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்கிற பொருள்பட நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மறுநாள் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருக்கிறது. நூறு நாள் என்பது நாற்று நட்டதிலிருந்து அறுவடை வரைக்குமான கணக்கு. உழவும் சேற்றடிப்பும் 1936லேயே தொடங்கிவிட்டன. அது அடுத்த கேள்விக்கான பதிலில் வருகிறது.

தானே புயலில் முந்திரித் தோப்பு இழந்த குடும்பங்களைப் பற்றி ஒரு நாவல் எழுத ஆசை. ஊரும் சனமும் தெரியும். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் செய்தித்தாள் போல வருகிறது. ஸ்டைன்பெக் எப்படித் தகவல் சேர்த்தார்?
வாசகி, பண்ருட்டி வட்டம்

உங்கள் கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

வறட்சியாலும் கடனாலும் நிலம் இழந்து ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள்தான் அந்த நாவலின் களம். 1936இல் சான் பிரான்சிஸ்கோ செய்தித்தாள் ஒன்று அவர்களைப் பற்றி எழுதச் சொல்லி ஸ்டைன்பெக்கை அனுப்பியது. அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வந்தன. பளபளக்கும் காரில் போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்து, ரொட்டிக்கடைக்கு ஓடிய பழைய வேன் ஒன்றில் போனார்.

ஆர்வின் என்ற இடத்தில் அரசு நடத்திய கூலியாட்கள் முகாம் இருந்தது. அதன் பொறுப்பாளர் டாம் காலின்ஸ். முகாமில் எத்தனை குடும்பம், எங்கிருந்து வந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன நோய், என்ன பாட்டுப் பாடினார்கள், எந்தச் சொல்லை எப்படிச் சொன்னார்கள் என்று காலின்ஸ் தொடர்ந்து அறிக்கை எழுதி வைத்திருந்தார். அந்த அறிக்கைகளை ஸ்டைன்பெக் வாங்கிப் படித்தார், அவரோடு முகாம் முகாமாகச் சுற்றினார். 1938 தொடக்கத்தில் விசேலியா பக்கம் வெள்ளம் வந்து குடும்பங்கள் பட்டினி கிடந்தபோதும் இருவரும் அங்கே போனார்கள். நாவலின் கடைசி அத்தியாயங்களில் கொட்டும் மழை அங்கிருந்து வந்தது. நாவலை கரோலுக்கும் டாமுக்கும்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் பக்கத்து 'டாம் காலின்ஸ்' யார் என்று கண்டுபிடிப்பது. பத்துப் பதினைந்து வருடமாக ஊரைத் தினமும் பார்த்துக் குறித்து வைத்திருக்கும் ஆள் ஒருவர் எங்கும் இருப்பார். கிராம செவிலியராக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கச் செயலராக இருக்கலாம், முந்திரி மண்டிக் கணக்குப்பிள்ளையாக இருக்கலாம். கதை கேட்காதீர்கள், கணக்கு கேளுங்கள். கதை தானாக வரும்.

என்ன கணக்கு? 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியலில் சாய்ந்த மரங்களை விறகாக என்ன விலைக்கு எடுத்தார்கள், அறுக்க வந்த மிஷின்காரருக்கு என்ன கூலி, வேரைப் பிடுங்க ஜேசிபிக்கு மணிக்கு எவ்வளவு? ஒட்டுக்கன்று வைத்தவர் காய்ப்பு வரும்வரை எதை விற்றுச் சாப்பிட்டார்? 80 கிலோ மூட்டைக் கொட்டையில் பருப்பு எத்தனை கிலோ தேறும், அதில் முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, உடைசல் கூடினால் உடைக்கிற பெண்ணின் கூலியில் பிடிப்பார்களா? கொட்டையின் பால் பட்டுத் தோல் உரியாமல் இருக்க விரலில் எதைத் தடவிக்கொள்கிறார்கள்? இந்தப் பதில்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஸ்டைன்பெக் இதை எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு ஓர் இடம். வேலைக்கு ஆள் தேவை என்ற துண்டு நோட்டீஸை நம்பித்தான் அத்தனை குடும்பமும் கிளம்புகிறது. 16ஆம் அத்தியாயத்தில், போய்ப் பார்த்துத் திரும்பிவரும் ஒரு கந்தலாடைக்காரர் அந்தத் தந்திரத்தை எண்ணிச் சொல்கிறார்: தேவை 800 ஆள், அச்சடித்தது 5,000 நோட்டீஸ், அதைப் படித்தவர்கள் 20,000 பேர். கூலி ஏன் விழுந்தது என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டுக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிப் போனவர்களைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு இடம். வழியில் ஒரு பழைய டாட்ஜ் காரின் கனெக்டிங் ராடு பேரிங் போய்விடுகிறது. நாவலின் மையமான ஜோடு குடும்பத்து மகன் டாமும் (முகாம் பொறுப்பாளர் டாம் அல்ல) அவன் தம்பி ஆலும் காயலான் கடைக்குப் போய், அதே மாடல் வண்டி ஒன்றிலிருந்து ராடைக் கழற்றி வாங்கி வருகிறார்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் மாட்ட வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் விரிந்து நின்றால் சிலிண்டருக்குள் ஏறாது. அதனால் மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுற்றி ரிங்குகளை இறுக்கி உள்ளே தள்ளுகிறார்கள். கம்பி உள்ளே சூட்டில் உருகிப் போய்விடும். பட்டறையில் வேலை செய்தவர் படித்தால் 'ஆமாம்' என்று தலையாட்டுவார். அந்த ஒரு தலையாட்டலுக்குப் பிறகு எழுத்தாளர் சொல்லும் மற்றதையும் வாசகர் நம்புவார். உங்கள் நாவலில் முந்திரி உடைக்கும் இடம் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும்.

மொழிக்கு வருவோம். காலின்ஸின் அறிக்கையிலிருந்து ஸ்டைன்பெக் எடுத்த பேச்சுமொழியைப் போல உங்களுக்கு நடுநாட்டுப் பேச்சு இருக்கிறது. கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளதைக் கொட்டுவதற்கு அல்ல. உங்கள் வீட்டில் புழங்கிய சொற்கள் ஞாபகத்துக்கு வருவதற்கு.

செய்தித்தாள் போல வருவது ஏன்? பெரும்பாலும் கோபம்தான் காரணம். ஸ்டைன்பெக்கும் அதில் மாட்டினார். சலீனாஸ் கீரைத் தோட்ட வேலைநிறுத்தத்தை ஒடுக்கிய பெரும்புள்ளிகளைக் கிழித்து முதலில் ஒரு நையாண்டி நாவல் எழுதினார். 1938 மே மாதம் அதை மொத்தமாக அழித்தார். ஆட்களைத் திட்டுவதற்காகவே எழுதிய புத்தகம், அதில் மனிதர் யாரும் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. சில வாரத்திலேயே ஜோடு குடும்பத்தின் கதையைத் தொடங்கினார். நீங்களும் முதல் வரைவில் அதிகாரியையும் வியாபாரியையும் திட்டித் தீர்த்துவிடுங்கள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு குடும்பத்தை மட்டும் எடுங்கள்: எத்தனை பேர், எந்த அறையில் யார் படுப்பார்கள், அடுப்புக்கு விறகு யார் கொண்டுவருவார்கள்.

அவர் சறுக்கிய இடமும் உண்டு. ஜோடு குடும்பத்தை சாலிசா என்ற ஊரில் வைத்தார். அது ஓக்லஹோமாவின் கிழக்குக் கோடி. புழுதிப்புயல் அடித்து மண்ணையே வாரிக்கொண்டு போன பகுதி மேற்குக் கோடி. ஓக்லஹோமாக்காரர்கள் இதை விடாமல் சுட்டிக்காட்டினார்கள். கலிஃபோர்னியாவைப் போல அந்த மாநிலத்தை அவர் நடந்து பார்க்கவில்லை. புயல் எந்தெந்த ஊரில் எந்தப் பக்கம் மரத்தைச் சாய்த்தது என்பதை நீங்கள் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: சனோரா பாப். அதே காலின்ஸோடு அதே முகாம்களில் வேலை பார்த்தவர், இதே மக்களைப் பற்றி நாவல் எழுதியவர். 1939இல் ஸ்டைன்பெக்கின் நாவல் விற்றுக் குவிந்ததும், இதே பொருளில் இன்னொன்று போகாது என்று பதிப்பகம் அவருடையதை நிறுத்திவைத்தது. அது அச்சானது 2004இல். ஸ்டைன்பெக்கைப் படிக்கிறவர்கள் அவரையும் தேடிப் படிப்பதுதான் நியாயம்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? பெரிய நாவலை இரண்டு முறை எடுத்தேன், மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் ஆமை ரோட்டைக் கடக்கிறது, அங்கேயே நின்றுவிட்டேன்.
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஆமையில் நிற்பவர்கள் நிறைய பேர். காரணம், நாவலின் கட்டுமானம் தெரியாமல் நுழைவது. மொத்தம் 30 அத்தியாயம். அதில் 14 மட்டும்தான் ஜோடு குடும்பத்தின் கதை. மற்ற 16 இடைச்செருகல்: பொதுவான நிலம், பொதுவான சாலை, கார் வியாபாரியின் பேச்சு, தெருவோரச் சாப்பாட்டுக்கடை. கூத்தில் கட்டியக்காரன் வந்து நிலவரம் சொல்லிப் போகிற மாதிரி. எதிர்பார்த்துப் படித்தால் தடுக்காது. தாண்டிப் போகாதீர்கள், அந்த 16இல்தான் சில அருமையான பக்கங்கள் இருக்கின்றன.

தொடங்க ஏற்றது 1937இல் வந்த 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'. ஆறே அத்தியாயம், இரண்டு உட்காரலில் முடியும். நாடகமாகவும் போடலாம் என்று நினைத்தே எழுதியது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே இடத்தில் நடக்கும், விவரிப்பு குறைவு, பேச்சுதான் அதிகம். அந்தப் பேச்சு கண்ணால் படித்தால் எழுத்துப்பிழை போல இருக்கும். வாய்விட்டுப் படியுங்கள், பாதி விளங்கிவிடும். அதன்பின் 'தி பேர்ல்', பிறகு 'கேனரி ரோ', நான்காவதாக பெரிய நாவல். 1952இல் வந்த 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' கடைசியில் இருக்கட்டும். அதை ஜேம்ஸ் டீன் நடித்த படத்தை வைத்து எடை போடாதீர்கள், படம் நாவலின் கடைசிப் பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டது.

முதல் புத்தகத்திலேயே பேர் கிடைத்ததா? அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்தார்?
வாசகர், நெய்வேலி

இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1919இல் சேர்ந்து விட்டுவிட்டுப் படித்து 1925இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார். இடையில் சர்க்கரை ஆலைக்காரர்களின் பீட்ரூட் பண்ணைகளில் வேலை. (நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர்களுக்கு ஆலையை நம்பி ஊர் நடப்பது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.) நியூயார்க்கில் கட்டட வேலைக்குச் சிமென்ட் கலவை சுமந்தார், நிருபர் வேலை நிலைக்கவில்லை. பிறகு டாஹோ ஏரிக்கரையில் ஒரு பணக்காரர் பங்களாவுக்குக் காவல். பனிக்காலத்தில் ஆள் நடமாட்டமே இராது. அங்கேதான் முதல் நாவலை முடித்தார்.

கடற்கொள்ளையன் ஒருவனைப் பற்றிய அந்த நாவல் 1929இல், பங்குச்சந்தை விழுவதற்குச் சில மாதம் முன்பு வந்தது. விற்கவில்லை. 1932இலும் 1933இலும் வந்த அடுத்த இரண்டும் விற்கவில்லை. அப்பா தன் சிறிய வீட்டை வாடகையில்லாமல் கொடுத்துக் கைச்செலவுக்கும் கொடுத்தார், கரோல் வேலைக்குப் போனார், கடலில் மீன் கிடைத்தது. பணம் பார்த்தது 1935இல், 'டோர்ட்டிலா ஃப்ளாட்' வந்தபோது. வயது 33. அப்பா காலமானதும் அதே வருடம்தான்.

'கேனரி ரோ' உண்மையான இடமா? அங்கேயும் மத்தி மீன்தானாமே?
வாசகர், சோனாங்குப்பம், கடலூர்

உண்மையான தெருதான், மான்ட்டெரே என்ற துறைமுக ஊரில். மத்தியை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வரிசையாக இருந்ததால் அந்தப் பெயர். படகு வந்ததும் ஆலைச் சங்கு ஊதும், பெண்களும் ஆண்களும் வேலைக்கு ஓடுவார்கள். நாவலின் முதல் பக்கங்களிலேயே அந்தக் காட்சி வருகிறது. நாவல் 1945இல் வந்தது, தெருவுக்கு அதிகாரப்பூர்வமாக அந்தப் பெயரை வைத்தது 1958இல்.

அங்கே மத்தி பிடித்தது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சுருக்குமடியில். கூட்டத்தைச் சுற்றி வலையை வளைத்து, அடியில் வளையங்களில் ஓடும் கயிற்றை இழுத்துப் பை போலச் சுருக்குவது. 1940 மார்ச்சில் ஸ்டைன்பெக்கும் அவருடைய நண்பர் கடலுயிரியலாளர் எட் ரிக்கெட்ஸும் வாடகைக்கு எடுத்த படகு 'வெஸ்டர்ன் ஃப்ளையர்', அதுவும் 76 அடி நீளச் சுருக்குமடிப் படகுதான். ஆறு வாரம் கலிஃபோர்னியா வளைகுடாவில் சுற்றிக் கரையோர உயிரினங்களைச் சேகரித்தார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறையிடுக்கில் இறங்குவது, பிடித்ததை வகைவாரியாகப் பிரித்துப் புட்டியில் இட்டுச் சீட்டு ஒட்டுவது என்பதே தினசரி வேலை. நாவலில் வரும் 'டாக்' பாத்திரம் ரிக்கெட்ஸின் அச்சு.

நாவல் வந்த சில ஆண்டுகளில் மத்தி அற்றுப்போய் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வரைமுறையில்லாத பிடிப்பும் கடலின் வெப்பநிலை மாறியதும் சேர்ந்து செய்த வேலை அது. கணக்கில்லாமல் பிடித்தால் மீன் நிற்காது என்று ரிக்கெட்ஸ் எச்சரித்து எழுதியிருந்தார். 1948இல் அவர் கார்மீது ரயில் மோதி இறந்தார். அதற்குப் பிந்திய ஸ்டைன்பெக்கின் எழுத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது எங்கள் கருத்து.

நோபலுக்குத் தகுதியானவரா?
வாசகர், வில்லியனூர்

அவரிடமே நிருபர்கள் கேட்டார்கள், 'உண்மையைச் சொன்னால், இல்லை' என்றார். ஐம்பது ஆண்டுக்குப் பின் திறந்த நோபல் ஆவணங்களைப் பார்த்தால், அந்த வருடம் யாரும் தனித்து நிற்காததால் ஒத்துப்போய்த் தேர்ந்தது தெரிகிறது. பரிசு 1940 வாக்கில் கிடைத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தாமதமாக வந்ததுதான் குறை.

நாய் கையெழுத்துப் பிரதியைத் தின்றது கதைதானே?
வாசகி, நெல்லிக்குப்பம்

நிஜம். 1936இல் டோபி என்ற குட்டி, 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' பிரதியில் பாதியைக் குதறிவிட்டது. வேறு நகல் கிடையாது. இரண்டு மாத வேலை போயிற்று, மறுபடி எழுதினார். நாயைப் பெரிதாக அடிக்கவும் இல்லை.

பென்சிலில்தான் எழுதுவாராமே? கம்ப்யூட்டரில் எழுதும் எங்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

உண்டு. காலையில் ஒரு பெட்டி நிறையப் பென்சிலை மின்சார ஷார்ப்பனரில் சீவி வைத்துக்கொள்வார். முனை மழுங்கினால் அடுத்ததை எடுப்பார், நடுவில் எழுந்து சீவ மாட்டார். ஆறுபட்டைப் பென்சில் நாள் முழுக்கப் பிடித்தால் விரலை அறுக்கும் என்று உருண்டைப் பென்சிலைத் தேடினார். கட்டையாகி, ரப்பரைப் பிடித்திருக்கும் தகடு கையில் இடித்தால் பிள்ளைகளின் பள்ளிப் பைக்குப் போய்விடும். கம்ப்யூட்டரில் இதற்கு ஈடு: உட்காரும் முன்பே சார்ஜ், தமிழ் விசைப்பலகை, கோப்பு எல்லாம் தயாராக இருப்பது, இணையத்தை அணைத்துவைப்பது.

எழுத வந்த ஒருவருக்கு அவர் சொன்ன யோசனைகளும் நடைமுறைக்கு உதவும். 400 பக்கம் எழுத வேண்டுமே என்று மலைக்காமல் இன்றைய ஒரு பக்கத்தைப் பார்ப்பது. முழுதும் தாளில் இறங்கும்வரை திருத்தப் போகாதிருப்பது. எழுதுகிற பேச்சை உரக்கச் சொல்லிப் பார்ப்பது. 'வாசகர்கள்' என்ற கூட்டத்தை மறந்துவிட்டு, தெரிந்த ஒரே ஓர் ஆளுக்கு எழுதுவது.

கடைசியாகச் சொன்னதை அவர் 1951இல் அப்படியே செய்தார். 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதிய பெரிய நோட்டில் வலது பக்கம் நாவல், இடது பக்கம் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்குக் கடிதம். ஜனவரி 29 முதல் நவம்பர் 1 வரை, வேலை நாள் தோறும் இடது பக்கத்தை எழுதிக் கையைச் சூடேற்றிக்கொண்டுதான் வலது பக்கத்துக்குப் போனார். மரவேலையும் தெரிந்தவர். கையெழுத்துப் பிரதியை வைக்கத் தானே ஒரு பெட்டி செதுக்கி கோவிச்சிக்குக் கொடுத்தார். நாவலைப் பிரித்தால் முதலில் வரும் சமர்ப்பணத்தில் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதியிருக்கும்.